நண்டுப் பிடியும் யானைக் காலும்

ஆளுயர நண்டு ஒன்று யானையின் பின்னங்காலைக் கொடுக்கால் கவ்வினால் யானை நின்றுவிடுமா, இல்லை நண்டையும் இழுத்துக்கொண்டு நடந்துவிடுமா? போன சனிக்கிழமை எங்கள் விளையாட்டு மேசையில் இந்த ஒரு கேள்விக்காகவே மறுபடியும் அடுப்பேற்றித் தேத்தண்ணி போட வேண்டியதாயிற்று. விளையாட்டின் விதிப் புத்தகத்தை எழுத்துக்கு எழுத்து வாசித்தால் யானை நிற்கும். கந்தளாய் வீதியில் இராத்திரி பஸ்ஸை மறித்துக்கொண்டு நிற்கும் யானையைப் பார்த்தவர்கள் யாரும் அதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

நாங்கள் விளையாடுவது டன்ஜன்ஸ் அண்ட் ட்ராகன்ஸ் (ஒருவர் கதை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டி ஆடுகிற மேசை விளையாட்டு), ஐந்தாம் பதிப்பு, 2014இல் வந்த விதிகள். 2024இல் புதிய விதிகள் வந்துவிட்டன என்பது தெரியும். நடந்துகொண்டிருக்கும் கதை முடியட்டும் என்று விட்டிருக்கிறோம். உவர்மலையில் எங்கள் வீட்டு மேல்மாடி விறாந்தைதான் இடம். கதை நடத்துவது நான். பகலில் எனக்குக் கால்நடை உத்தியோகம், தம்பலகாமம் பக்கம் மாடு ஆடுகளுக்கு ஊசி போட்டுத் திரிகிற வேலை. ஆகவே விலங்கு, பிடி என்று பேச்சு வந்தால் எனக்குக் கொஞ்சம் வீம்பு வரும், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

புத்தக விஷயம் ஒன்று. அச்சுப் புத்தகங்களை இங்கே வரவழைக்கிற விலைக்கு ஒரு மாதக் கறிச்செலவு போய்விடும். கனடாவில் இருந்து வந்த உறவினர் ஒருவர் கொண்டுவந்து தந்தவைதான் எங்களிடம் இருக்கின்றன. மற்றவர்களுக்கெல்லாம் இலவச விதித்தொகுப்பின் போட்டோகொப்பி. அந்தத் தொகுப்பை 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டுவிட்டார்கள், யாரும் படியெடுக்கலாம். நண்டு, முதலை, ஓநாய் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கின்றன.

சரி, பிடிக்கு வருவோம். ஐந்தாம் பதிப்பில் ஒருவரைப் பிடிப்பதற்கு இரண்டு பாதை இருக்கிறது. மேசையில் வருகிற சண்டையில் பாதி, இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் வருவதுதான். முதலாவது எல்லோருக்கும் பொதுவான பாதை: ஒரு கையாவது சும்மா இருக்க வேண்டும், பிடிக்கப்படுகிறவர் உங்களைவிட ஒரு அளவுப் படிக்கு மேல் பெரியவராக இருக்கக் கூடாது (சிறியது, நடுத்தரம், பெரியது என்று விதியில் அளவுப் படிகள் உண்டு), நீங்கள் அத்லெட்டிக்ஸுக்கு (உடல்பலத் திறன்) இருபது பக்கப் பகடை உருட்ட, அவர் அத்லெட்டிக்ஸுக்கோ அக்ரோபட்டிக்ஸுக்கோ (நழுவி நெளியும் திறன்) உருட்ட, கூடினவர் வெல்வார். இரண்டாவது பாதை விலங்குகளுக்கும் அரக்கர்களுக்கும். கொடுக்கோ பல்லோ பட்டால் போதும், பிடி தானாக விழுந்துவிடும். வேறு உருட்டல் கிடையாது. பிடிபட்டவர் தன் முறையில் ஒரு ஆக்ஷனை, அதாவது அந்த முறைக்குரிய முக்கியச் செயலை, செலவழித்து உருட்டி, அந்த விலங்குக்கு எழுதியிருக்கிற எண்ணை எட்டினால் தப்பலாம். ராட்சத நண்டுக்கு அந்த எண் 11. முதலைக்கு 12. நெரிக்கும் மலைப்பாம்புக்கு 14.

கையில்லாத விலங்கு எப்படிப் பிடிக்கும் என்று கேட்பவர்களுக்கு இரண்டாவது பாதைதான் பதில். அதன் குறிப்பில் பிடி என்று எழுதியிருந்தால் அதற்குப் பிடி உண்டு. கையைத் தேடாதீர்கள்.

எங்கள் நண்டு, கூட விளையாடுகிற திருக்கடலூர்த் தம்பியினுடையது. அவனுடைய பாத்திரம் பீஸ்ட் மாஸ்டர் வகை ரேஞ்சர், அதாவது துணை விலங்கு ஒன்றோடு திரிகிற வில்லாளி. 2014 விதிப்படி அவன் எடுக்கக்கூடிய துணை விலங்கு நடுத்தர அளவுக்கு மேல் போகக் கூடாது, விலங்கின் வலிமையைக் காட்டுகிற சவால் மதிப்பு 1/4 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். முதலை இரண்டிலும் அடிபட்டுப் போகிறது. மலைப்பாம்பு மதிப்பில் தேறுகிறது, அளவில் விழுகிறது. எல்லோரும் ஓநாயையோ சிறுத்தையையோ எடுக்கிற இடத்தில் இவன் நண்டை எடுத்தான். பெயர் வீரன். கடலில் வளர்ந்த பிள்ளை என்பதால் பாசம் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, கணக்குப் பார்த்து எடுத்திருக்கிறான்.

கணக்கு இதுதான். இந்த ரேஞ்சருடைய துணை விலங்கு கடிக்க வேண்டும் என்றால் ரேஞ்சர் தன்னுடைய ஆக்ஷனை விட்டுக்கொடுத்துக் கட்டளை இட வேண்டும். ஐந்தாம் நிலை வரும்வரை, ஓநாய் கடித்தால் இவன் அம்பு விட முடியாது. ஒவ்வொரு சுற்றும் அதே கதை, அதனால்தான் அந்த வகை ரேஞ்சரைப் பற்றி இவ்வளவு புலம்பல். ஆனால் பிடி அப்படி இல்லை. ஒரு தரம் விழுந்துவிட்டால் அடுத்த சுற்றுக்குக் கட்டளை தேவையில்லை, அது பாட்டுக்குக் கிடக்கும். நண்டு முதல் சுற்றில் பிடிக்கிறது. இரண்டாம் சுற்றிலிருந்து தம்பி நிம்மதியாக அம்பு விடுகிறான். கட்டளை வராத விலங்கு தன்பாட்டில் தற்காத்துக்கொள்ளும் என்று பிறகு வந்த திருத்தம் வேறு சொல்கிறது. ஆக, பிடித்த பிடியை விடாமல், அடிக்கும் விலகிக்கொண்டு நிற்கிற ஒரு நண்டு. ஒரு கொடுக்குக்கு ஒரு ஆள் வீதம் இரண்டு பேரை மறிக்கலாம். துணை விலங்கு ஒன்று கூட்டத்துக்குச் செய்யக்கூடிய ஆகப்பெரிய உதவி எது என்று கேட்டால், கடிப்பதைச் சொல்ல மாட்டேன், பிடித்து வைத்திருப்பதைத்தான் சொல்வேன்.

அப்படிப்பட்ட வீரன்தான் யானையின் காலைப் பிடித்தான். பகடையில் விழுந்த எண் போதுமானதாக இருந்தது. தம்பி எழும்பி நின்றுவிட்டான்.

"அக்கா, யானைக்கு வேகம் பூச்சியம். எழுதுங்கோ."

"யானை உன்ர நண்டைவிட இரண்டு அளவு பெரிசடா."

"அந்த அளவுக் கணக்கு கையால பிடிக்கிற ஆக்களுக்கு. நண்டுக்கு அப்பிடி ஒண்டும் எழுதேல்லையே. நீங்கதானே சொன்னனீங்க, இரண்டும் வேற வேற பாதை எண்டு."

அவன் சொன்னது சரி. நண்டின் குறிப்பில் அளவு எல்லை இல்லை. எழுதியதை மட்டும் பார்த்தால் ட்ராகனின் வாலையும் அது பிடித்து நிறுத்தலாம். மூதூரில் இருந்து வருகிற சேர் ஒருபடி மேலே போய், "மாட்டின்ர மூக்கணாங்கயிறு எத்தனை கிலோ தங்கச்சி?" என்று என்னிடமே கேட்டார்.

நல்ல கேள்வி. பெரிய எருமையையும் இரண்டு விரலால் நிறுத்தலாம், நான் செய்கிற வேலையே அது. பெருவிரலையும் சுட்டுவிரலையும் மூக்குத் துவாரங்களுக்குள் விட்டு நடுச்சவ்வை அழுத்திப் பிடித்தால் தலை மேலே வரும், மாடு அசையாது, மற்ற ஆள் கழுத்தில் ஊசியைப் போட்டுவிடலாம். ஆனால் அங்கே மாட்டை நிறுத்துவது என் பலம் இல்லை. அசைந்தால் நோகும் என்று மாட்டுக்குத் தெரியும், அதனால் நிற்கிறது. பின்னங்காலைப் பிடித்து அதே மாட்டை நிறுத்திக் காட்டுங்கள் பார்ப்போம். உதை வாங்கியவர்கள் எங்கள் அலுவலகத்தில் இருக்கிறார்கள். காலைப் பிடித்தவர் மாட்டோடு சேர்ந்து போவார்.

அதைத்தான் தீர்ப்பாக வைத்தேன். குறிப்பில் எழுதாவிட்டாலும், தன்னைவிட ஒரு அளவுப் படிக்கு மேல் பெரிய விலங்கைப் பிடித்து நிறுத்த முடியாது. பிடி விழும், ஆனால் பிடித்தவர் தொங்கிக்கொண்டு போவார். இது நானாகக் கட்டிய கதையும் இல்லை. டன்ஜன் மாஸ்டருக்கான, அதாவது கதை நடத்துபவருக்கான, கைநூலில், பெரிய உருவத்தின் மேல் ஏறித் தொற்றிக்கொள்வதற்கு விருப்ப விதி ஒன்று இருக்கிறது. தொற்றிக்கொண்டவர் அந்த உருவத்தோடு நகர்வார், அதை அடிக்கும்போது அவருக்கு அனுகூலம் கிடைக்கும், அதாவது இரண்டு பகடை உருட்டிக் கூடினதை எடுக்கலாம். தம்பிக்கு முகம் வாடியது. அனுகூலம் என்றதும் மறுபடி மலர்ந்தது. உண்மையில் பழைய வாசிப்பில் போயிருந்தாலும் அவனுக்குப் பெரிய இலாபம் இல்லை: யானையின் பலம் 22, உருட்டலுக்கு 6 கூடும், 11ஐ எட்ட இருபது பக்கப் பகடையில் 5 விழுந்தால் போதும். ஐந்துக்கு நான்கு தரம் உதறிவிட்டுப் போயிருக்கும். ஆனால் உதறுவதற்கு அதன் ஒரு முறை போயிருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும், அதுவே தம்பிக்குப் போதுமாக இருந்திருக்கும்.

இனி வாய் விஷயம். ஐந்தாம் பதிப்பில் பிடிபட்டவருக்குத்தான் வேகம் பூச்சியம். பிடித்தவருக்கு ஒரு கேடும் இல்லை. இதே விளையாட்டின் பழைய மூன்றரைப் (3.5) பதிப்பில் அப்படி இல்லை. 2003இல் வந்த அந்த விதிகளில் பிடி என்றால் இரண்டு பேரும் பிடிக்குள்தான். அதிலிருந்து பிறந்த இன்னொரு விளையாட்டான பாத்ஃபைண்டரின் முதல் பதிப்பும் அந்த வழிதான். கோட்டைக்குள் கோணேசர் கோவிலுக்கு ஏறுகிற வழியில் கலைமான்கள் கொம்பு கோத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு தலையும் தாழ்ந்து, பின்னங்கால்கள் மண்ணைக் கிளற, ஒன்று தள்ள மற்றது பின்வாங்கி, பிறகு அது தள்ளும். எது பிடித்தது, எது பிடிபட்டது? இரண்டும்தான். மூன்றரைக்காரர்கள் அந்த மாதிரி ஒரு மல்லுக்கட்டைத்தான் எழுதினார்கள். அதை எழுதிய விதம் மட்டும்தான் தலைவேதனை. தொட ஒரு உருட்டல், அதற்கு முன் எதிரிக்கு ஒரு இலவச அடி, பிறகு எதிரெதிர் உருட்டல், அளவு ஒவ்வொன்றுக்கும் 4 கூட்டிக் கழித்தல். கரடி, முதலை, சிறுத்தை போன்றவற்றுக்கு அடி பட்டவுடன் இலவசமாகப் பிடிக்கிற தனித்திறமை இருந்தது, ஆனால் தன்னைவிட ஒரு அளவாவது சிறியவரைத்தான் அப்படிப் பிடிக்கலாம். அதற்குள் இன்னொரு நுணுக்கம்: உருட்டலில் 20ஐக் கழித்துக்கொள்ளச் சம்மதித்தால், வாயால் மட்டும் பிடித்துக்கொண்டு தான் பிடிக்குள் சிக்காமல் இருக்கலாம். 20! பெரிய கரடிக்குத்தான் அது கட்டும்.

அந்த விதிகளை மறுபடி மேசைக்குக் கொண்டுவர எனக்கு ஆசை இல்லை. ஆனால் வாய்க்குள் ஒருவன் இருக்கும்போது அந்த வாயால் இன்னொருவனைக் கடிக்க முடியாது என்பதை மட்டும் எல்லா விலங்குக்கும் பொதுவாக்கிவிட்டேன். முதலைக்கு அது ஏற்கெனவே எழுதியிருக்கிறது: பிடி இருக்கும்வரை வேறு ஆளைக் கடிக்கக் கூடாது. பிடித்த ஆளையே திரும்பக் கடிக்கலாமா? கடிக்கலாம். பிடிபட்டவர் முடக்கப்பட்ட நிலையில் இருப்பதால் முதலைக்கு அனுகூலமும் உண்டு. அதுதான் முதலையின் பயங்கரம்.

முதலையின் பயங்கரம் தண்ணீரில் மூழ்கடிப்பது என்று நீங்கள் நினைத்தால், ஐந்தாம் பதிப்பு உங்களை ஏமாற்றும். பலம் சுமாரான ஒரு ஆள், உடலுறுதிக்கு 1 கூடுகிறவர், இரண்டு நிமிடம் மூச்சடக்கலாம். ஒரு சுற்று 6 விநாடி, அப்படியென்றால் 20 சுற்று. எங்கள் மேசையில் எந்தச் சண்டையும் அவ்வளவு நேரம் போனதில்லை. முதலை ஒரு கடிக்குச் சராசரியாக 7, 8 உயிர்ப் புள்ளி எடுக்கும். ஆள் கடிபட்டுச் சாவானே தவிர மூச்சுமுட்டிச் சாக மாட்டான். குளத்தில் தண்ணீர் குடிக்கப் போன எருமைக் கன்றின் முன்னங்காலுக்கு நான் மருந்து கட்டியிருக்கிறேன். பற்கள் இறங்கிய துளைகள் வரிசையாக, மேலே தோல் உரிந்து கீழ்நோக்கி இழுபட்டிருந்தது. மெல்லுகிற நோக்கம் அந்தக் காயத்தில் தெரியவில்லை. இழுத்துப் போகிற நோக்கம்தான் தெரிந்தது. பாத்ஃபைண்டர் முதலைக்குப் பிடித்தபின் உருண்டு புரட்டுகிற தனித்திறமை கொடுத்திருக்கிறது. அதை எழுதியவர் முதலையைக் கொஞ்சம் கவனித்திருக்கிறார்.

அதனால் எங்கள் மேசையில் ஒரு திருத்தம். எதிர்பாராமல் பிடித்து அதே சுற்றில் தண்ணீருக்குள் இழுத்துவிட்டால், ஆளுக்கு மூச்சு எடுக்க நேரம் இல்லை. நிமிடக் கணக்கு போய்விடும், நேரே மூச்சுத் தீர்ந்த நிலை. உடலுறுதிக்கு எத்தனை கூடுமோ அத்தனை சுற்று, குறைந்தது ஒன்று. அதற்குள் யாராவது இழுத்து எடுக்க வேண்டும். இழுக்கும் வேகமும் விதியில் உண்டு. பிடித்த ஆளோடு நகர்ந்தால் வேகம் பாதி. முதலை சுற்றுக்கு 30 அடி நீந்தும், ஆகவே 15 அடி. பிடிபட்டவர் இரண்டு அளவு சிறியவர் என்றால் பாதியாகாது. முதலை பெரிய அளவு, ஹாஃப்லிங் என்ற குள்ள இனம் சிறிய அளவு. எங்கள் கூட்டத்து ஹாஃப்லிங் ஆட்டக்காரி இதைக் கேட்ட நாளிலிருந்து தண்ணீர்க் கரைக்கு வருவதே இல்லை.

ஓநாய்க்குப் பிடி வேண்டும் என்று வங்கியில் வேலை பார்க்கும் நண்பன் நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான். பன்றி வேட்டைக்குப் போகிற நாய் பன்றியின் காதைக் கவ்விக்கொண்டு தொங்குமே என்பது அவன் வாதம். உண்மைதான். ஆகவே அனுமதித்தேன், ஆனால் பொதுப் பாதையில்: கைக்குப் பதில் வாய், கடிக்குப் பதில் அத்லெட்டிக்ஸ் உருட்டல். ஓநாயின் பலம் 12, கூடுவது வெறும் 1. ஓர்க் என்ற முரட்டு இனத்தான் ஒருவனுக்கு 3. பெரும்பாலும் ஓநாய் தோற்கும். அதைவிட அதன் சொந்தத் திறமை நல்லது: கடி பட்டதும் எதிரி டிசி (எட்ட வேண்டிய எண்) 11க்குப் பலம் உருட்டித் தோற்றால் விழுந்துவிடுவான். விழுத்துகிறவன் ஒருவன், பிடிக்கிறவன் ஒருவன் என்று சேர்ந்தால் பாருங்கள். விழுந்தவன் எழும்பப் பாதி வேகம் செலவாகும். நண்டு பிடித்திருந்தால் வேகமே பூச்சியம். எழும்பவே முடியாது. பக்கத்தில் நின்று வெட்டுகிற எல்லோருக்கும் அனுகூலம். தூரத்தில் நின்று அம்பு விடுகிற ரேஞ்சருக்கு மட்டும் பாதகம், விழுந்து கிடப்பவனைத் தூரத்திலிருந்து குறிபார்ப்பது கடினம் என்பதால். தம்பி இதைக் கண்டுபிடித்த அன்று ஓநாய்க்காரனோடு ஒரு கிழமை பேசவில்லை.

விடுவது யார் என்பதைப் பற்றிப் புத்தகம் அதிகம் பேசவில்லை. பிடித்தவர் எப்போது வேண்டுமானாலும் விடலாம், ஆக்ஷன் தேவையில்லை, அவ்வளவுதான். மனிதருக்கு அது சரி. விலங்கு கடித்துக்கொண்டிருக்கும்போது "விடு" என்றால் விடுமா? தெருவில் கவ்விக்கொண்டு கிடக்கிற இரண்டு நாய்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால்தான் விடும். மூன்றரைப் பதிப்பில் இதற்கு வழி இருந்தது: சண்டையை விட்டு விலகு என்பது பழக்க வேண்டிய வித்தைகளில் ஒன்று. பழகியிருந்தால் டிசி 10, விலங்குக்குக் காயம் இருந்தால் 2 கூடும், தன்னுடைய துணை விலங்கு என்றால் ட்ரூயிட்டுக்கு (இயற்கை மந்திரம் தெரிந்த பாத்திர வகை) உருட்டலில் 4 கூடும். நான் அதைக் கடன் வாங்கிக்கொண்டேன். சாதாரண நேரத்தில் சொன்னால் விடும். பாதி உயிருக்குக் கீழே போன விலங்கு என்றால் அனிமல் ஹாண்ட்லிங் (விலங்கைக் கையாளும் திறன்) டிசி 10 உருட்ட வேண்டும். நண்டுக்கு மட்டும் விலக்கு, அது திருக்கடலூர்த் தம்பி வாதாடி வாங்கியது. நண்டு கடித்தால் இழுக்கக் கூடாதாம், இழுக்க இழுக்க இறுக்கும். கையைத் தண்ணீருக்குள் வைத்து ஆடாமல் இருந்தால் தானே விட்டுவிட்டு ஓடிவிடும் என்றான். ஆகவே எங்கள் வீரன் பிடித்தவர் ஒரு முறை முழுக்க அசையாமல் கிடந்தால் பிடி தளரும். எதிரிகளுக்கு இது தெரியாது. எதிரிப் பக்கத்தில் தெரிந்த ஒரே ஆள் அவர்களை ஆட்டுவிக்கிற நான்தான், நான் சொல்லப் போவதில்லை.

மிச்சமிருந்த கோளாறு அந்த 11. ரேஞ்சர் வளர வளர அவனுடைய தேர்ச்சி எண் நண்டின் தாக்குதலுக்கும் சேதத்துக்கும் ஆர்மர் கிளாஸுக்கும் (அடிபடாமல் காக்கிற எண்) கூடுகிறது, தப்பிக்கும் டிசிக்குக் கூடுவதில்லை. ஓகர் என்ற ராட்சதனுக்கு உருட்டலில் 4 கூடும், நூற்றுக்கு 70 தரம் தப்பிவிடும், ரேஞ்சர் எவ்வளவு பெரிய ஆளானாலும் அதே 70. நான் தேர்ச்சி எண்ணை டிசிக்கும் கூட்டினேன். ஐந்தாம் நிலையில் 14 ஆகும், ஓகர் தப்புவது 55 ஆகக் குறையும். இன்னும் கூட்டத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

2020இல் வந்த கூடுதல் புத்தகத்தில் இதைச் சரிசெய்துவிட்டார்கள். அதில் ரேஞ்சருக்குக் கடல் விலங்கு ஒன்று கிடைக்கும். அடித்தாலே பிடிக்கும், தப்பிக்கும் டிசி ரேஞ்சரின் மந்திர டிசியோடு சேர்ந்து வளரும், கட்டளைக்கும் போனஸ் ஆக்ஷன் (ஆக்ஷனுக்கு மேலதிகமான சிறு செயல்) போதும். வங்கி நண்பன் ஓநாயை விட்டுவிட்டு அதற்கு மாறப் போகிறானாம். சரி என்றேன். நீச்சல் 60 அடி, காற்றிலும் மூச்சு விடும், எல்லாம் நல்லது. தரையில் மட்டும் சுற்றுக்கு 5 அடி. கதையோ இப்போது மலைக்குள் போய்க்கொண்டிருக்கிறது. அதை ஏற்றிக்கொண்டு போக வண்டில் 15 பொன், கோவேறு கழுதை 8 பொன். யார் காசு போடுவது என்று வாட்ஸ்அப்பில் இன்னும் சண்டை நடக்கிறது.